ஆஸ்பத்திரியை மூடாமல் ஆஸ்பத்திரி கட்டுவது

கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவே, பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைகிற மானாவாரிக் கரிசலில் இருக்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. அறக்கட்டளை நடத்துவது, 30 படுக்கை. பிரசவம், பாம்புக்கடி, தீப்பெட்டி ஆபீஸ் தீக்காயம், சர்க்கரை, காசநோய் என்று எல்லாம் வரும். இதை 60 படுக்கையாக்க வேண்டும், ஒழுகுகிற பழைய கட்டடத்தையும் சரிசெய்ய வேண்டும், அதற்காக ஒரு நாள்கூட மூடக் கூடாது. இந்த மூன்று நிபந்தனையோடு வேலை என்னிடம் வந்தது. நான் நிர்வாகத்தில் இருப்பவன், இன்ஜினியர் இல்லை. இன்ஜினியரும் மேஸ்திரியும் சிஸ்டர்களும் சொன்னதைக் கேட்டு, யாருடைய வேலை யாருக்கு முன்னால் நடக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் என் பாடு.

அந்த முடிவுதான் இந்த வேலையில் பாதி. வரைபடம் ஓரளவு சுமாராக இருந்தாலும் சமாளித்துவிடலாம். வரிசை தப்பினால் சமாளிக்க முடியாது. நாங்கள் பிடித்த வரிசை இது: முதலில் தண்ணீர், பிறகு கழிவு, பிறகு மின்சாரம், அப்புறம் புதுக் கட்டடம், கடைசியில் பழைய வார்டு. நன்கொடை தருபவர்கள் மனதில் இது தலைகீழாக இருக்கும். கட்டிலுக்கு, வார்டுக்கு, ஆபரேஷன் தியேட்டருக்குப் பெயர்ப்பலகை வைக்கப் பணம் வரும். செப்டிக் டேங்குக்குத் தாத்தா பெயர் வைக்க யாரும் முன்வருவதில்லை. அதனால் முதல் நாளே அறங்காவலர்களிடம் பேசி, வருகிற எந்த நன்கொடையிலும் ஒரு பங்கு “பொதுப்பணி” என்று போய்விடும் என எழுதி வாங்கிக்கொண்டேன். இல்லையென்றால் பெயர்ப்பலகைகள் இருக்கும், குழாயில் தண்ணீர் இருக்காது.

தண்ணீரை முதலில் எடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை விடலாம். பாலிடெக்னிக் லேபில் கொடுத்துப் பார்த்தோம், எங்கள் தண்ணீர் முதல் வரம்பைத் தாண்டியிருந்தது. அந்தத் தண்ணீரில் கலவை போட்டால் கம்பி உள்ளே துருப்பிடித்து, சில வருஷத்தில் சீலிங் பெயர்ந்து நோயாளி மேல் விழும். இந்தச் சுற்று வட்டாரத்தில் பல கட்டடங்களில் சன்ஷேடு உதிர்ந்து கம்பி தெரிவதைப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் சிமெண்டைத்தான் திட்டுவார்கள்.

ஆகவே முதலில் மழைநீர்த் தொட்டி. 1,000 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1,000 லிட்டர். ஐப்பசியில் நல்லதாக ஒரு மழை, 50 மில்லிமீட்டர் கொட்டினால், வழிந்து வீணாவது போகவும் கணிசமாகத் தேறும். தொட்டி கட்டவே நல்ல தண்ணீர் வேண்டுமே, அதற்கு மட்டும் லாரித் தண்ணீர். மழைக்கு முன் தொட்டி முடிந்ததால், கான்கிரீட் வேலைக்கும், அதை நனைத்து ஆற்றுவதற்கும் பெரும்பகுதி அந்தத் தண்ணீரே வந்தது. இப்போது கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவுக்கு அதுதான். உப்புத் தண்ணீர் ஊற்றிய காலத்தில் ஆட்டோகிளேவின் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிந்து, அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. அந்தச் செலவு நின்றுவிட்டது.

அடுத்து மண். கரிசல் மண்ணைப் பற்றி இந்தப் பக்கம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மழையில் உப்பும், கோடையில் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் சாதாரணக் கடைக்கால் போட்டு ஒற்றை மாடி கட்டினால் கட்டடத்தின் கனம் மண்ணை அமுக்கப் போதாது. மண் தூக்கும், இறக்கும், சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீறல் ஓடும். “சார், இந்த மண்ணுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை மூச்சு வாங்கும்” என்றார் மேஸ்திரி அண்ணாச்சி. எங்கள் இன்ஜினியர் சொன்னது அண்டர்-ரீம்டு பைல். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்த முறை. 30 செ.மீ. விட்டத்தில் துளை இறக்கி, அடியில் அதைப்போல் இரண்டரை மடங்கு அகலத்துக்கு ஒரு குமிழ் வெட்டி, கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் ஊற்றுவது. மழைக்கும் வெயிலுக்கும் மண் அசைவது மேலே மூன்று, மூன்றரை மீட்டருக்குள்தான். குமிழ் அதற்கும் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும், மேலே மண் என்ன ஆட்டம் போட்டாலும் விடாது.

இதில் பலர் கவனிக்காத இடம், பைல்களை இணைக்கும் பீம். அதை மண்ணில் உட்காரவிடக் கூடாது. அடியில் குறைந்தது 8 செ.மீ. வெற்றிடம் விட வேண்டும். மழையில் மண் உப்பினால் அந்த இடத்துக்குள் உப்பிக்கொள்ளும், பீமைத் தள்ளாது. இதைச் செய்வது கொத்தனாருக்குப் பிடிக்காத வேலை. தரையில் அப்படியே கான்கிரீட் கொட்டினால் அரை நாளில் முடியும். நான் பக்கத்திலேயே நின்றேன். பேஸ்மென்ட் நிரப்பத் தோண்டின கரிசலையே திரும்பத் தள்ளவும் பார்ப்பார்கள், காசு மிச்சம் என்று. நாங்கள் சரள் அடித்து நிரப்பினோம். பழைய கட்டடத்தையும் புதியதையும் கம்பி விட்டு இணைக்கவும் இல்லை. நடுவே ஓர் அங்குல இடைவெளி, உள்ளே போர்டு, மேலே ஒரு பக்கம் மட்டும் திருகிய அலுமினியத் தகடு. பழசு தன் கடைக்காலில் ஆடும், புதுசு ஆடாது. இரண்டையும் ஒட்டினால் ஒட்டின இடம்தான் பிளக்கும்.

மாடி கட்டலாமா என்று நெடுநாள் விவாதம் நடந்தது. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சாய்தளத்துக்கு 1:12 வாட்டம் வேண்டும். தளத்துக்குத் தளம் 12 அடி என்றால் சாய்தளம் மட்டும் 144 அடி, நடுவே நின்று திரும்பும் இடங்கள் தனி. லிஃப்ட் வைத்தால் மின்தடை, பராமரிப்பு, பழுது பார்க்க மதுரையிலிருந்து ஆள். எங்களிடம் இடத்துக்குப் பஞ்சமில்லை. நோயாளிகள் முழுக்கத் தரைத்தளம், மாடியில் அலுவலகமும் ஸ்டோரும் நர்ஸ்கள் தங்கும் அறைகளும் மட்டும் என்று முடித்துவிட்டேன். வரைந்து கொடுத்தவருக்கு வருத்தம். படத்தில் மூன்று மாடி அழகாகத்தான் இருந்தது.

அனுமதி விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டட அனுமதி, தீயணைப்புத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், 1997ஆம் வருஷத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு, எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இணையதளத்தில் பதிவு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு வைத்து, ஒரே ஆளைப் பொறுப்பாக்குங்கள். எக்ஸ்ரே அறைக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் ஈயத் தகடு பதித்த கதவும் தேவைப்படும் என்பதால், அந்த அறை எங்கே என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். சுவர் எழும்பிய பிறகு இடம் மாற்றினால் ஈயத்துக்கு அழ வேண்டும்.

வரைபடத்தைச் சிஸ்டர்களிடம் காட்டினால் “நல்லாருக்கு சார்” என்பார்கள். காகிதத்தில் யாருக்கும் அளவு புரியாது. அதனால் பின்னால் இருந்த காலி நிலத்தில் புது வார்டை முழு அளவில் சுண்ணாம்புக் கோடு போட்டு வரைந்தோம். கட்டில், கதவு, சிங்க் எல்லாம் கோடாக. நிஜ டிராலி ஒன்றைக் கொண்டுவந்து அதற்குள் தள்ளச் சொன்னோம். கால்மணி நேரத்தில் வாய் திறந்துவிட்டது. நைட் டியூட்டியில் உட்காரும் மேஜையிலிருந்து மூலைக் கட்டில் மூன்று தெரியவில்லை. பெட்பேன் கழுவும் இடம் வார்டின் மறுகோடியில் இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு சாப்பிடுகிற ஆட்களைத் தாண்டிப் போக வேண்டும். இரண்டு டிராலி எதிரெதிரே வந்தால் ஒதுங்க நடைபாதையில் இடம் இல்லை. நடைபாதையை எட்டடி ஆக்கினோம், கதவை நாலடிக்கு அகலப்படுத்தினோம், மேஜையை நகர்த்தினோம். ஒரு மூட்டைச் சுண்ணாம்பு செலவு.

இன்னொன்றையும் அங்கேதான் ஒரு வயதான ஆயா கேட்டார். “கூட வர்றவங்க எங்கய்யா படுப்பாங்க?” படத்தில் அப்படி ஓர் இடமே இல்லை. இங்கே ஒரு நோயாளி என்றால் கூட மூன்று பேர். பிரசவத்துக்கு ஒரு குடும்பமே வரும். சமைப்பார்கள், துணி துவைப்பார்கள், வராந்தாவில் படுப்பார்கள். அவர்களை வார்டுக்குள் வராதே என்று சொல்வதற்கு முன்னால் வெளியே இடம் கொடுக்க வேண்டும். ஓடு போட்ட ஒரு கொட்டகை, நாலு அடுப்பு மேடை, துவைகல், கழிவறை. முழுத் திட்டத்தில் இதற்கு ஆன செலவு அற்பம், வார்டு சுத்தமாக இருப்பதற்கு வேறு எதையும்விட இதுதான் காரணம்.

வேலை நடக்கும்போது தூசிதான் பெரிய எதிரி. பழைய பூச்சையும் சீலிங்கையும் உடைக்கும்போது பறக்கிற தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் மாதிரிப் பூஞ்சை வித்துகள் இருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் ஆளையே கொண்டுபோகும். உடைக்கிற பகுதிக்கும் நோயாளிகள் பகுதிக்கும் நடுவே தரையிலிருந்து கூரை வரை தடித்த பிளாஸ்டிக் தாள், ஓரமெல்லாம் டேப். உடைக்கும் முன் தண்ணீர் தெளிப்பது, இடிபாட்டை ஈரச்சாக்கு மூடி வெளியேற்றுவது, டைல்ஸ் வெட்டுவது வெட்டவெளியில் தண்ணீர் விட்டு. வேலையாட்களுக்குத் தனி வாசல், தனிக் கழிவறை. நடைபாதையை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டவே கூடாது, ஈர மாப் மட்டும். ஒப்பந்தத்தில் இதையெல்லாம் எழுதியிருந்தோம். எழுதியதால் நடந்துவிடாது. சீனியர் சிஸ்டருக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் கொடுத்தோம். அவர் நிறுத்து என்றால் டிரில்லிங் மிஷின் நிற்க வேண்டும், என்னைக் கேட்கத் தேவையில்லை. அதற்குப் பிறகுதான் நடந்தது.

காங்கிரீட் தேதி குறிப்பதில் இன்ஜினியரைவிட ஊர் நாட்காட்டி பெரியது. சந்தை நாளில் ஓபி நிரம்பி வழியும், லாரி உள்ளே வர முடியாது. முகூர்த்த நாளில் ஆள் வராது. பங்குனிப் பொங்கல், சித்திரைக் கொடை என்றால் ஒரு வாரம் யாரையும் எதிர்பார்க்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட்டு மேஸ்திரி அறையிலும் என் அறையிலும் மாட்டினேன்.

இடம் மாற்றும் வரிசைக்கு வருகிறேன். புதுப் பகுதியில் முதலில் முடித்தது லேபர் ரூமும் தியேட்டரும். அவை ஓடத் தொடங்கிய பிறகு பழைய தியேட்டர் காலியாகும், அது தற்காலிகப் பெண்கள் வார்டு. பெண்கள் வார்டு காலியானதும் அதன் கூரை வேலை, அது முடிந்ததும் ஆண்கள் வார்டு அங்கே. எந்த நேரத்திலும் ஓர் இடம் மட்டும் காலி. வேகமாக முடிக்க இரண்டு இடத்தை ஒன்றாகக் கொடுங்கள் என்று ஒப்பந்தக்காரர் நச்சரித்தார். கொடுக்கவில்லை. டெங்குக் காலத்தில் திடீரென்று கட்டில் தேவைப்பட்டால் எங்கே போவது?

புது லேபர் ரூமில் முழு செட்டும் வைத்து, சக்‌ஷன், வார்மர், ஆக்சிஜன் எல்லாம் ஓட்டிப் பார்த்தோம். பயிற்சிக்கு வந்த நர்ஸ் ஒருவரையே நோயாளியாக டிராலியில் படுக்கவைத்து, கேஷுவால்டியிலிருந்து தியேட்டர் வரை தள்ளிப் பார்த்தோம். ராத்திரி மெயின் ஸ்விட்சை அணைத்து ஜெனரேட்டர் எடுக்கும்வரை யூபிஎஸ் தாங்குகிறதா என்று பார்த்தோம். அதன் பிறகுதான் பழைய லேபர் ரூமைப் பூட்டினோம்.

தியேட்டர் ஏசி பற்றி ஒரு சொல். ஸ்பிளிட் ஏசி இரண்டு மாட்டினால் போதும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது, புதுக் காற்று வராது. மணிக்கு 20 தடவை காற்று மாற வேண்டும், அதில் 4 தடவை வெளிக்காற்றாக இருக்க வேண்டும், உள்ளே அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்து கதவு திறந்தால் காற்று வெளியே தள்ள வேண்டும் என்பதுதான் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஎச் அமைப்பின் வழிகாட்டுதல். நாங்கள் வெளிக்காற்றையும் சேர்த்துக் குளிர்வித்து அனுப்பும் சின்ன ஏர் ஹேண்ட்லிங் யூனிட்டும், நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரும் போட்டோம். விலை உறுத்தியது. தரைக் கிரானைட்டில் கைவைத்து அந்தப் பணத்தைச் சரிக்கட்டினோம். கோட்டா கல்லே நன்றாக உழைக்கும்.

வார்டுகளில் இதற்கு நேர் எதிர். பழைய வார்டுக்கு 14 அடி உயரம், எதிரெதிர் ஜன்னல்கள், மேலே காற்றுப் போகத் துவாரங்கள். ஃபால்ஸ் சீலிங் போட்டு ஏசி வைக்கலாம் என்று ஒரு நன்கொடையாளர் ஆசைப்பட்டார். காசநோயாளிகள் வந்துபோகும் இடத்தில் அந்த உயரம்தான் மருந்து. பெரு நாட்டின் லிமா நகர ஆஸ்பத்திரிகளில் காற்றோட்டத்தை அளந்து 2007இல் வெளியான ஆய்வொன்றில், 1950க்கு முன் கட்டிய உயரக் கூரை அறைகள் ஜன்னலைத் திறந்துவைத்தாலே பிற்காலத்து அறைகளைவிட நன்றாகக் காற்று மாற்றியிருக்கின்றன. அதை டாக்டர் எடுத்துக்காட்டிப் பேசிய பிறகு நன்கொடையாளர் ஒத்துக்கொண்டார். ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்து, அடைத்துக் கிடந்த துவாரங்களைத் திறந்துவிட்டோம்.

அந்தக் கூரை பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதன்மேல் சாய்வாகச் செருகிய சின்னச் செங்கல், அதன்மேல் சுண்ணாம்பில் செங்கல் ஜல்லி. ஒழுகுகிறது என்று ஒவ்வொரு காலத்திலும் யாரோ மேலே மேலே சிமெண்ட் பூச்சு போட்டிருக்கிறார்கள். வெயிலில் சிமெண்ட் வெடிக்கும், வெடிப்பில் இறங்கிய தண்ணீர் ஆவியாக வழியில்லாமல் உத்திர நுனியை அழுகவைக்கும். எல்லாப் பூச்சையும் கொத்தி எடுத்ததில் மேலேயிருந்து டிராக்டர் டிராக்டராகக் கனம் இறங்கியது. சுவருக்குள் நுழையும் நுனி அழுகியிருந்த உத்திரங்களை முட்டுக் கொடுத்து மாற்றினோம். பிறகு மறுபடி சுர்க்கி, அதாவது அதே சுண்ணாம்பு, செங்கல் ஜல்லித் தளம். இந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. ராஜபாளையம் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். சுண்ணாம்பை முன்கூட்டியே ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்தார்கள். கட்டை துள்ளித் திரும்பும்வரை அடிக்க வேண்டும் என்பது பெரியவர் கணக்கு. மேலே தட்டையான ஓடு, பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம். அந்தச் சத்தம் மட்டும் தவிர்க்க முடியாதது, பகலில் மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஆக்சிஜன் குழாய்க்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய டி வகை சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். நிமிஷத்துக்கு 5 லிட்டர் வாங்கும் ஒரு நோயாளிக்கு அது 1,400 நிமிஷம், ஒரு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. பத்துப் பேர் என்றால் நாளுக்குப் பத்து சிலிண்டருக்கும் மேல். 2021 கோடையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெருக்கல் மறக்காது. சிலிண்டர்களை வரிசையாகக் குழாயோடு இணைக்கும் மேனிஃபோல்டு அறை தனியாக, காற்றோட்டமாக, எண்ணெய், கிரீஸ் பக்கத்தில் வராமல். செம்புக் குழாயை ஒட்டும்போது உள்ளே நைட்ரஜன் ஓட வேண்டும், இல்லையென்றால் உள்ளே செம்பு ஆக்சைடு கறுப்பாகப் படிந்து, உதிர்ந்து வால்வில் அடைக்கும். பிளம்பர் இதைத் தவிர்க்கப் பார்ப்பார், ஒட்டி முடித்த மூட்டு ஒன்றை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்பக்கம் பளபளவென்று இருந்தால் சரி.

ஜெனரேட்டரைத் தென்கிழக்கு மூலையில் வைத்தோம். ஆடியில் மேல்காற்று, ஐப்பசியில் வாடை, இரண்டிலும் புகை வார்டுப் பக்கம் வராத ஒரே மூலை அது. வாஸ்து பார்க்க வந்தவரும் அக்னி மூலை என்று அதையே சொல்லிவிட்டதால் ஒரு சண்டை மிச்சம். எர்த் குழியைச் சுற்றிக் கோடையில் கரிசல் வெடித்து விலகிவிடும், அதனால் அங்கே வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது வாட்ச்மேன் பட்டியலில் இருக்கிறது.

கழிவில், ஊசி, ரத்தம் பட்டது என்று பிரிக்கிற மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் முறை 2016 விதிகளில் தெளிவாகவே இருக்கிறது. 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, அதனால் எடுத்துப் போகும் வண்டி நேராக வந்து நிற்கிற பக்கம் அறையை வையுங்கள். கழிவுநீருக்குப் பெரிய இயந்திரம் வைக்காமல், தடுப்பறைத் தொட்டிகளும் கல்வாழை நட்ட சரளைப் படுகையும் போட்டோம். புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை இந்த வகை முறையை வைத்திருக்கிறது. மோட்டார் மிகக் குறைவு, ஆபரேட்டர் தேவையில்லை. லேபிலிருந்து வருவதை மட்டும் தனியாகக் கிருமிநீக்கி, பிறகு சேர்க்கிறோம்.

பூச்சு பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், டேப்பை விரித்துப் பிடித்து, ஒயரும் குழாயும் தெரியப் படம் எடுத்தோம். அச்செடுத்துக் கோப்பாக எலக்ட்ரீஷியன் அறையில் கட்டித் தொங்குகிறது. ஒப்பந்தக்காரருக்கு 5 சதவீதம் பிடித்து வைத்திருக்கிறோம், ஒரு முழு மழைக்காலம் போன பிறகு தருவதாக.

பாக்கி இருப்பது லாண்ட்ரி. இப்போது துணி வெளியே போய் வருகிறது, விரிப்புகள் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் குறைகிறது. இடம் பார்த்தாகிவிட்டது, பைல் மிஷின்காரர் மாசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். புரட்டாசிக்குள் அடித்தளத்தை முடித்துவிட வேண்டும். மழை விழுந்துவிட்டால் கரிசலில் லாரி இறங்காது, அப்புறம் தைக்கு மேல்தான்.